இருநூற்றுப் பன்னிரண்டாவது பறவை

செம்புலியூர்க் கண்மாயில் சுடப்பட்ட பறவைகள் கீழே விழாமல் போன வருஷம், ஐப்பசி மழை ஒன்பது நாள் விடாமல் பெய்து ஓய்ந்திருந்தது. கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்க, வடக்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் வந்த நாரைகளும் கூழைக்கடாக்களும் கிளைக்குக் கிளை சண்டை போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தன. முதல் பறவை ஒரு மடையான். அதைச் சுட்டவன் செங்கல் சூளை வெள்ளைத்துரை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, கரையோரத்திலிருந்து எழும்பிய அதன் நெஞ்சில் பால்ரஸ் என்னும் சின்ன இரும்புக் குண்டுகள் பாய்ந்தன. சிறகு விரிந்தபடி, கால் பின்னால் நீண்டபடி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே அது அப்படியே நின்றுவிட்டது. வெள்ளைத்துரை சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கீழே காத்திருந்தான். பிறகு ஒரு கல்லை எடுத்து எறிந்தான். கல் விழுந்தது. மடையான் விழவில்லை.

அன்றைக்கு அவன் ஏழு பறவைகளைச் சுட்டான், ஏழும் விழவில்லை. மறுநாள் சூளையிலிருந்து ஏணியும் தொரட்டியும் கடப்பாரையும் வந்தன. இரண்டு ஆட்கள் ஏணியில் ஏறி, மடையானின் காலுக்கு ஒருவராகப் பிடித்துத் தொங்கினார்கள். அவர்கள் இரண்டு பேரையும் அந்தக் குச்சிக் கால்கள் தாங்கின.

"என்னடா இது, ஆணி அடிச்சாப்ல நிக்கிது?" என்றான் வெள்ளைத்துரை.

"ஆணி அடிச்சிருந்தாத்தான் புடுங்கிறலாமேண்ணே," என்றான் தொங்கியவர்களில் ஒருவன்.

இதையெல்லாம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா. அவள் அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்; வயது நாற்பத்து நான்கு. ஆட்கள் போனபின் மடையானின் கீழே போய் நின்று அண்ணாந்தாள். அதன் நெஞ்சிலிருந்து கிளம்பிய ஒரு துளி ரத்தம், பறவைக்கு ஒரு சாண் கீழே, அதுவும் விழாமல், கோவைப்பழம் மாதிரி நின்றிருந்தது. விரலால் தொட்டாள். முந்தின நாள் காலையில் சிந்திய ரத்தம், இப்போதுதான் சிந்தியது போலச் சூடாக இருந்தது. விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கழுத்தில் கிடந்த கேமராவை எடுத்தாள்.

அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவைத்திலிருந்து வந்த நாத்தனார் தனக்கு வேண்டாமென்று கழித்துப் போட்டது, உள்ளங்கையில் அடங்கும். பொத்தானை அமுக்கினால் அது உடனே படம் எடுக்காது. கிர்ர் என்று மூக்கை நீட்டும், உள்ளே இழுக்கும், கொஞ்சம் யோசிக்கும், அப்புறம் எடுக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் பறவை போய்விடும். ஆறு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஜெசிந்தா கண்மாய்க்கு வந்தாள், ஆறு வருஷத்தில் நாலாயிரம் படம் எடுத்தாள், நாலாயிரத்திலும் வாலும் வானமும்தான் இருந்தன.

"இந்த ஆல்பத்துக்கு நல்ல பேரு ஒண்ணு சொல்றேன், வையி ஜெசி," என்பான் அவள் புருஷன் சேவியர். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுவது அவன் வேலை. "'போயிட்டு வாரேன்.'"

ஆஸ்பத்திரியில் நடப்பது வேறு. அங்கே ஒரு நாளைக்கு நாற்பது பேரைப் பலகையில் நெஞ்சைச் சாய்த்து நிற்கச் சொல்லி, "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... ம், விடலாம்" என்பாள், கிழவரும் குழந்தையும் குடித்துவிட்டு வந்தவனும் அவள் சொல்லுக்கு மூச்சைப் பிடித்தார்கள், விட்டார்கள். எக்ஸ்ரேக்காரம்மா எடுத்த படம் ஆடியதே இல்லை என்று பெரிய டாக்டரே சொல்லுவார். பறவைகள்தான் அவளுக்காக மூச்சைப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு மடையான் பிடித்தது. கேமரா மூக்கை நீட்டியது, இழுத்தது, ஆற அமர யோசித்தது, எடுத்தது. சிறகின் ஒவ்வொரு இறகும் சீப்பின் பல் போலத் தனித்தனியாகத் தெரிந்தது.

ஊர் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்ட விதத்தில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. முதல் வாரம் பக்கத்து ஊர்க்காரர்கள் டிராக்டர் பிடித்து வந்து பார்த்தார்கள். இரண்டாவது வாரம் அவர்களுக்கு அறுவடை வந்துவிட்டது. கரைப் பாதையில் தாழ்வாக நின்ற பறவைகளில் தலை இடிக்காமலிருக்க, பஞ்சாயத்தில் சிவப்புத் துணி கட்டினார்கள். களையெடுக்க வந்த பெண்கள் மதியம் கூழைக்கடாவின் சிறகு நிழலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள், நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். டீக்கடையில் வழி கேட்டவனுக்கு, "நேராப் போயி மூணாவது மடையான்கிட்டத் திரும்புங்க" என்று கை காட்டினார்கள். ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். பிடிபட்ட பறவைக்கு ஒரு படிவமும் செத்து விழுந்த பறவைக்கு ஒரு படிவமும் வைத்திருந்தார். இந்தப் பறவைகள் இரண்டிலும் சேரவில்லை என்பதால் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளைத்துரைதான் நொந்துபோனான். கறி கீழே வராத வேட்டையை எந்த வேட்டைக்காரன் ஆடுவான்? முப்பத்தொன்று வரை சுட்டுப் பார்த்தான். முப்பத்தொன்றும் வானத்தில் நின்றன. துப்பாக்கியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, பாட்டிலுக்கு ஆம்லெட்டைத் தொட்டுக்கொண்டான். பன்னிரண்டு நாள் கண்மாயில் வெடிச்சத்தமே கேட்கவில்லை. பறவைகளோ, பறவை இருக்கிற இடத்தைத்தான் நம்பி இறங்கும். வானத்தில் முப்பத்தொன்று நிற்பதைப் பார்த்து, இங்கே பயமில்லை என்று கூட்டம் கூட்டமாக இறங்கின. அதோடு விட்டிருந்தால், விழாமல் போன அந்த முப்பத்தொன்றும் மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கும்.

விடாதவர்கள் பறவைகளை நேசித்தவர்கள்.

செம்புலியூரில் பறவைப் படம் எடுப்பவர்கள் ஜெசிந்தாவையும் சேர்த்து ஏழு பேர் இருந்தார்கள். தலைவர் ஞானசிகாமணி, பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருப்பவர். மற்றவர்கள் ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு தபால்காரர், இப்படி. எல்லோரிடமும் சின்னக் கேமராதான். வருஷா வருஷம் அவர்கள் ஒரு காலண்டர் போட்டார்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பறவை, அட்டைக்கு ஒரு பறவை. ஊரில் காலண்டர் மாட்டாத கடை கிடையாது. அதற்குச் சட்டம் இருந்தது. கூட்டில் இருக்கும் பறவை கூடாது. கட்டிவைத்த பறவை கூடாது. இரை போட்டு வரவழைத்த பறவை கூடாது. பறவை பறக்க வேண்டும். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் வரும். ஆறு வருஷத்தில் ஒரு மாதத்துக்குக்கூட ஜெசிந்தாவின் பெயர் வந்ததில்லை. வாலுக்கும் வானத்துக்கும் மாதம் கிடையாது.

ஜெசிந்தாவின் மடையானைப் பார்த்ததும் ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். அன்று மாலையே ஏழு பேரும் ஸ்டூடியோவில் கூடினார்கள்.

"பறக்குதா, பறக்கலையா?" என்றார் ஞானசிகாமணி.

"றெக்கை விரிச்சிருக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கட்டிவச்சிருக்கோமா?"

"இல்லை."

"கூட்டுல இருக்கா? இரை போட்டோமா?"

"இல்லைண்ணே."

"செத்த பறவையாச்சே," என்றார் தபால்காரர்.

"விழாததைச் செத்ததுன்னு எப்படிய்யா சொல்றது? செத்தா விழணும்ல," என்றார் ஞானசிகாமணி. பால்ரஸ் குண்டு உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பதை அந்த அறையில் ஒருத்திதான் எக்ஸ்ரேயில் பார்த்தவள். அவளும் மற்றவர்களோடு செருப்பை மாட்டினாள்.

ஏழு பேரும் சூளைக்குப் போனார்கள்.

"தம்பி, கொஞ்சம் காலை வெளிச்சம் பார்த்து, கிழக்கால இருந்து..." என்று ஞானசிகாமணி தொடங்கினார்.

வெள்ளைத்துரை சிரித்த சிரிப்பில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இத்தனை வருஷமா என் மேல பெட்டிசன் எழுதிப் போட்டது யாரு சார்? நீங்கதானே?"

"அது வேற விஷயம் தம்பி."

"கறியும் வரப்போறதில்ல. எனக்கென்ன லாபம்?"

"காலண்டர் பின்னட்டை முழுசா உங்க சூளை விளம்பரம்."

வெள்ளைத்துரை பரணிலிருந்து துப்பாக்கியை இறக்கினான்.

அதற்குப் பிறகு கண்மாயில் நடந்ததை வரிசையாகச் சொன்னால் பொழுது போதாது. செங்கால் நாரையைச் சுட்டார்கள், தலை தொங்கிவிட்டது, ஆகாது என்றார்கள், வேறொன்றைச் சுட்டார்கள். அதற்கு ஒரு சிறகு முறிந்து மடங்கியது, ஆகாது என்றார்கள், மூன்றாவதைச் சுட்டார்கள். அது சரியாக நின்றது, ஆனால் சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது. கரண்டிவாயன்களைக் கூட்டமாக வேண்டுமென்று தபால்காரர் கேட்டார், கூட்டமாகச் சுட்டான். நீர்க்காகங்களை அரைவட்டமாக வேண்டுமென்று மருந்துக்கடைக்காரர் கேட்டார், அரைவட்டம் கிடைப்பதற்குப் பதினேழு நீர்க்காகம் ஆயிற்று. எது யாருடையது என்று குழம்பாமலிருக்க, சுட்ட வரிசைப்படி ஒவ்வொரு பறவையின் காலிலும் எண் எழுதிய தகரத் தகட்டைக் கட்டினார்கள். சூரியனையே மறைக்கும்படி நூறாயிற்று, நூற்றைம்பதாயிற்று, இருநூறாயிற்று. காகங்கள் கூழைக்கடாவின் முதுகில் உட்கார்ந்து, அலகால் குத்திப் பார்த்து, அலகு வலித்துப் பறந்தன. உயிருள்ள பறவைகள், கூட்டம் பெரிதாக இருப்பதைப் பார்த்து, இன்னும் நம்பிக்கையோடு இறங்கின.

பறவையின் கண்ணும் கேமராவும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் படம் என்று ஞானசிகாமணி சொன்னதால், கண்மாய்க்குள் இருபத்தைந்து அடிக்குச் சவுக்குக் கம்பில் சாரம் தேவைப்பட்டது. சேவியரைக் கூப்பிட்டார்கள்.

"சாரம் எதுக்குக் கட்டுவாங்க? வெள்ளையடிக்க," என்றான் சேவியர் வீட்டில், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "நீங்கதான் ஏற்கெனவே செவப்படிச்சு வச்சிருக்கீங்களே."

"உங்களுக்குப் பிடிக்கலைன்னா கட்ட வேண்டாம்ங்க."

"உன் பேரு காலண்டர்ல வரணும்ல?" என்றான். கட்டிக் கொடுத்தான். அவன் போட்ட கட்டு அவிழ்ந்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

கார்த்திகைக் கடைசியில், செல்லப்பொண்ணு என்ற புல்லறுக்கும் பெண் முதுகில் மூன்று பால்ரஸோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். புல்லுக்கட்டைத் தூக்கி நிமிர்ந்தபோது நாரைக்கு வைத்த குறி அவளுக்கு வந்திருக்கிறது.

"என்னையும் நாரைன்னு நெனச்சுட்டான் தாயி. அம்புட்டு அழகாவா இருக்கேன்?" என்று வலியிலும் சிரித்தாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... ம், விடலாம்."

செல்லப்பொண்ணு மூச்சை விட்டாள். "ஒண்ணு கேக்கணும் தாயி. குருவியெல்லாம் நிக்கிதே, நான் ஏன் பொத்துன்னு விழுந்தேன்? மொகமெல்லாம் சேறு."

ஜெசிந்தா ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே மூன்று வெள்ளைப் பொட்டு. "மனுசர் வேற, பறவை வேற," என்றாள். ஊரில் இந்தக் கேள்வியைச் செல்லப்பொண்ணு ஒருத்திதான் கேட்டாள், கேட்டதும் ஜெசிந்தாவிடம்தான். அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

ஏனென்றால் அப்போது அட்டைப்படம் மட்டும்தான் மிச்சமிருந்தது, அதை ஜெசிந்தாவுக்கு என்று வைத்திருந்தார்கள். அவள் கேட்டது ஒரே ஒரு பறவை. கண்மாயின் நடுவில் பட்டுப்போன கருவேல மரத்தில் ஒரு பாம்புத்தாரா ஆறு வருஷமாக வந்து உட்காரும். கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய நீந்தி, மீனைக் குத்தி எடுத்து, மரத்தில் ஏறி, ஈரச் சிறகை விரித்து வெயிலில் காயப்போடும். அதைப் பார்த்த அன்றுதான் ஜெசிந்தா நாத்தனாரிடம் கேமராவைக் கேட்டு வாங்கினாள். நாலாயிரம் வாலில் ஆயிரம் அதனுடைய வால்.

மார்கழி இரண்டாவது ஞாயிறு. காலண்டர் அச்சுக்குப் போக நாலு நாள். பனி விலகி வெயில் மஞ்சளாக விழுந்த நேரம், ஜெசிந்தா கரையில் கேமராவை நீட்டியபடி நின்றாள். வெள்ளைத்துரை அவளுக்குப் பக்கத்தில் நாணல் புதரில் முழங்காலிட்டிருந்தான். ஞானசிகாமணி எதிரே சாரத்தின் உச்சியில், மறுபக்கத்திலிருந்து தானும் ஒரு படம் எடுக்க ஏறியிருந்தார். மற்றவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கரை நெடுக நின்றார்கள். புதரிலிருந்து வெள்ளைத்துரைக்குப் பறவை மட்டும்தான் தெரியும். படம் எப்படி வரும் என்பது ஜெசிந்தாவுக்குத்தான் தெரியும். அதனால் அவள் சொல்லும்போது சுடுவது என்று ஏற்பாடு.

"சொல்லுங்கக்கா, கை ஊறுது," என்றான் வெள்ளைத்துரை மெதுவாக.

பாம்புத்தாரா மரத்திலிருந்து எழுந்தது. ஒரு சுற்று வந்தது. சிறகை முழுதாக விரித்து, வாலை விசிறியாக்கி, கழுத்தை நீட்டி, கேமராவின் சின்னத் திரைக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் இடது சிறகுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் தெரிந்தது. அது ஞானசிகாமணியின் சட்டை என்று ஜெசிந்தாவுக்குத் தெரிந்தது. பின்னால் இருக்கிறது, மங்கிப்போய்விடும், படம் கெடாது என்று நினைத்தாள்.

"ம்," என்றாள்.

வெடித்தது. பாம்புத்தாரா நின்றது. கேமரா மூக்கை நீட்டத் தொடங்கியது. சாரத்தின் உச்சியில் ஞானசிகாமணி தோளைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி, காலை வெறும் காற்றில் வைத்தார்.

ஒருவரும் ஓடவில்லை. கரையில் நாற்பது பேர் நின்றார்கள், சாரத்தின் அடியில் முழங்கால் தண்ணீரில் தபால்காரரும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள், கை நீட்டினால் தொடுகிற தூரம். இரண்டு மாதமாகக் குண்டுபட்ட எதுவும் விழாத ஊர் அது. அவர் நிற்பார் என்று எல்லோரும் அண்ணாந்து காத்திருந்தார்கள். "ஏணி கொண்டாங்கப்பா" என்றுகூட ஒரு குரல் கேட்டது. அவர் இருபத்தைந்து அடியும் விழுந்து, தண்ணீருக்குள் இருந்த கருவேல முண்டில் கழுத்து மோதி, மடங்கினார். முண்டில் மோதிய சத்தம் அடுத்த கரை வரைக்கும் கேட்டது. தபால்காரரின் முகமெல்லாம் ரத்தமும் சேறும். அதற்குப் பிறகுதான் அவர் கையை நீட்டினார்.

அவர் விழுந்துகொண்டிருந்தபோதே கேமரா யோசித்து முடித்துப் படத்தை எடுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் உயிர் போயிருந்த அவரைப் படுக்கவைத்து ஜெசிந்தாதான் எக்ஸ்ரே எடுத்தாள். பழக்கத்தில், "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டாள். தோளில் ஐந்து வெள்ளைப் பொட்டுகள். ஐந்தும் மேலோட்டமாக, பஞ்சு வைத்துக் கட்டினால் ஆறிவிடும் ஆழத்தில். கழுத்தெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. யாராவது ஒருவர் கையை நீட்டியிருந்தால் போதும். குண்டுபட்ட மனுசர் விழுவார் என்பது மற்ற நாற்பது பேருக்கும் தெரியாமல் போனது. அவளுக்குச் செல்லப்பொண்ணு சொல்லியிருந்தாள்.

படம் அற்புதமாக வந்திருந்தது. பாம்புத்தாராவின் கண்ணில் சூரியன் தெரிந்தது. இடது சிறகின் நுனிக்கு அப்பால், மங்கலாக, மஞ்சள் சட்டையும் இரண்டு காலும் அந்தரத்தில்.

"ஓரத்துல ஒரு விரக்கடை வெட்டிட்டா அட்டைப்படம்," என்றார் மருந்துக்கடைக்காரர், ஸ்டூடியோவில், தலைவர் நாற்காலிக்கு மாலை போட்ட கையோடு. "ஞானம் அண்ணனும் அதைத்தான் விரும்புவாரு."

"விசாரணை வருதே," என்றாள் ஜெசிந்தா.

"கால் வழுக்கிருச்சு. அம்புட்டுத்தான்," என்றான் வெள்ளைத்துரை. "கம்பு இத்துப்போச்சு, கட்டு சரியில்ல. நான் பத்துப் பேரைச் சொல்ல வைக்கிறேன்க்கா. நீங்க கவலைப்படாதீங்க."

அந்தக் கட்டு யார் போட்டது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் சேவியர் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கை கழுவினான். "என் கட்டு அவுறாது ஜெசி. அது உனக்கும் தெரியும். ஆனா ஆறு வருசமா நீ ஒண்ணே ஒண்ணுதான் கேட்ட. போனாப் போகுது, ரெண்டு மாசமோ ஆறு மாசமோ உள்ள இருந்துட்டு வாரேன். வரும்போது டீக்கடையில உன் பேரு தொங்கும்ல?"

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

விசாரணை முடியும்வரை காலண்டரை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள். விசாரணை ஒன்பதாவது நாள், தாலுகா ஆபீஸ் மாடியில் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் கண்மாயும் இருநூற்றுப் பன்னிரண்டு பறவைகளும் தெரியும். பத்துப் பேர் வரிசையாக வந்து கட்டு சரியில்லை என்றார்கள். பதினோராவதாக ஜெசிந்தா எழுந்தாள். வெட்டாத படத்தை இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் வைத்தாள். எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அஞ்சு பால்ரஸ் சார். வழுக்கி விழுந்தா தோளுக்குள்ள பால்ரஸ் வராது."

வெள்ளைத்துரை எழுந்துவிட்டான். "பறவையைத்தான் சுட்டேன்! அதுக்குப் பின்னாடி ஆளு இருந்ததே எனக்குத் தெரியாது! சுடுன்னு சொன்னதைத்தான் சுட்டேன்!"

"யாரு சொன்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

காலண்டர்க்காரர்கள் ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றாள் ஜெசிந்தா. "மஞ்சச் சட்டை எனக்குத் தெரிஞ்சுது சார். படத்துல மங்கிரும்னு நெனச்சேன். தெரிஞ்சுதான் 'ம்'னு சொன்னேன். எங்க வீட்டுக்காரர் கட்டுல குத்தமில்ல."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அப்போது கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு கத்தல் கேட்டது, அதையடுத்துத் தொப்பென்று ஒரு சத்தம். எல்லோரும் ஜன்னலுக்குப் போனார்கள். கரைமேல் முதல் மடையானைக் காணோம்.

இரண்டாவது கத்தியது, விழுந்தது. மூன்றாவது கத்தியது, விழுந்தது. சுடப்பட்ட வரிசையிலேயே, ஒரு மூச்சுக்கு ஒன்றாக, அவை விழத் தொடங்கின. விழுமுன் ஒவ்வொன்றும் கத்தியது. குண்டு பட்ட நொடியில் கத்தியிருக்க வேண்டிய கத்தல், இரண்டு மாதம் தொண்டையில் நின்று, இப்போது வந்தது. அந்த ரத்தத்துளி ஏன் சூடாக இருந்தது என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. விழாததைச் செத்தது என்று சொல்ல முடியாது என்ற ஞானசிகாமணியின் பேச்சு சரிதான். ஒன்றுகூடச் சாகவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டும் அந்த ஒரே நொடியின் வலிக்குள் நின்றுகொண்டிருந்தன.

அவள் படியிறங்கினாள். இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை, அவர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

தாலுகா ஆபீஸிலிருந்து கண்மாய் அரை மைல். ஜெசிந்தா எண்ணிக்கொண்டே ஓடினாள். பஸ் நிலையத்தில் நாற்பது. அறுபத்து மூன்றாவது ஒரு கூழைக்கடா. பம்பு செட் கூரையை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்து, மோட்டாரோடு சேர்ந்து நசுங்கியது. சாக்கோடு கரைக்கு வந்த சூளை ஆட்கள், முதல் நாரை தோளில் வந்து விழுந்ததும் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடினார்கள். கரண்டிவாயன்கள் சுடப்பட்டபடியே கூட்டமாக விழுந்தன. தண்ணீர் சிவந்தது, சேறு சிவந்தது, சிவப்புத் துணிகள் எல்லாம் கீழே வந்தன. கரையில் செல்லப்பொண்ணு புல்லுக்கட்டைத் தலைக்குக் குடையாகப் பிடித்து, விழுந்த நாரையின் தகட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனைக்கா?" என்று கத்தினாள் ஜெசிந்தா.

"நூத்தித் தொண்ணூத்தெட்டு தாயி! தலையைக் குனிஞ்சு போ!"

ஜெசிந்தா தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. கழுத்தில் கிடந்த கேமரா நனைந்து கனத்தது. கழற்றிப் போட்டாள், அது ஒரு குமிழி விட்டு மூழ்கியது. முதுகில் ஒரு நீர்க்காகம் விழுந்து அவளை முகங்குப்புறத் தள்ளியது. எழுந்தாள். இருநூற்று ஏழு. இருநூற்று எட்டு. பட்டுப்போன கருவேல மரத்துக்குப் பக்கத்தில், பதினைந்து அடி உயரத்தில், சிறகை முழுதாக விரித்துப் பாம்புத்தாரா நின்றது. அதன் நேர் கீழே போய் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். பின்னால் யாரோ தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. சேவியர், அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தான்.

இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பதினொன்று.

பாம்புத்தாரா கத்தவில்லை. விழுந்தது. அவள் கைகளில் முழுக்கனத்தோடு மோதி, அவளையும் தண்ணீருக்குள் அமுக்கி, மேலே வந்தபோது அதன் நீண்ட கழுத்து அவள் முழங்கையைச் சுற்றிக் கிடந்தது. உடம்பு கொதித்தது. நெஞ்சில் நாலு இடத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. மஞ்சள் கண் திறந்திருந்தது, அவளைப் பார்த்தது. அலகு கொஞ்சம் பிளந்து, நெஞ்சு விம்மி, விம்மியபடியே நின்றது. ஒன்பது நாளாக இழுத்த மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா குனிந்து, ஆஸ்பத்திரியில் சொல்லும் அதே குரலில், அதன் தலைக்குப் பக்கத்தில் சொன்னாள்.

"ம், விடலாம்."

பாம்புத்தாரா மூச்சை விட்டது.